பீரங்கியோடு வந்ததும் வெறுங்காலோடு வந்ததும்

திருகோணமலை நகரின் புறத்தே கப்பல்துறை என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. அப்பெயருக்குள் அந்த மாவட்டத்தின் வரலாறே அடங்கிக் கிடக்கிறது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றெனக் கடலோடிகள் போற்றிய குடாவைச் சூழ்ந்து கிடக்கும் நிலம் அது. அதன் ஒவ்வொரு கரையும் ஒரு வகையிற் கப்பல்துறையே. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இந்தத் துறைக்காகத் தம்முள் மோதிக்கொண்டனர். கப்பல்களிற் பீரங்கி வந்தது, சரக்கு வந்தது, கிறித்தவமும் வந்தது. ஆனால் கிறித்தவம் இங்கே ஒருமுறை மட்டும் வரவில்லை. ஒரே கோலத்திலும் வரவில்லை. அதன் வெவ்வேறு வருகைகளைப் பிரித்தறியாத வரலாற்றறிவு அரைகுறை அறிவே.

பிறர் நலத்துக்காகத் தன்னைத்தானே மகிழ்ச்சியோடு ஈந்துவிடுவது கிறித்தவ வாழ்வின் உச்சமான அறமென்று அம்மதம் கூறுகிறது. இவ்வறத்தைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு ஐயம் பிறப்பது இயல்பு. தியாகம் என்ற சொல் உழைக்கும் மக்களுக்கு இனிய அனுபவங்களைத் தந்த சொல் அன்று. தோட்டத் துரைமாரும், ஆலை முதலாளிகளும், போரை நடத்திய அரசுகளும் அச்சொல்லைத் தாராளமாகக் கையாண்டிருக்கின்றனர். கூலியைக் குறைக்கும்போதும், இளைஞனைப் போர்முனைக்கு அனுப்பும்போதும், பெண்ணை அடுக்களைக்குள் அடைக்கும்போதும் தியாகத்தின் பெருமை பேசப்பட்டது. துன்பத்தைப் புன்னகையோடு தாங்கினால் மறுமையிற் பலன் உண்டென்று கூறி, இம்மையில் நியாயம் கேட்கும் நாவுகளை அடக்கிய சமயபோதகரும் இருந்தனர். ஆகவே தியாகத்தைப் பற்றிப் பேச வருபவரை நோக்கி, யார், யாருக்காக, எதை இழந்தார் என்று கேட்பது நமது கடமை. இதே கேள்வியைத் திருகோணமலையின் கிறித்தவ வரலாற்றை நோக்கியும் கேட்போம்.

* * *

முதல் வருகை பீரங்கியோடு நிகழ்ந்தது. 1622 ஆம் ஆண்டு போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா வின் படை கோணேசர் கோவிலைத் தகர்த்தது. தென்னாடெங்கும் புகழ்பெற்றிருந்த அந்தப் பாடல்பெற்ற தலத்தின் கற்கள், அடுத்துவந்த ஆண்டுகளில் எழுப்பப்பட்ட கோட்டையின் சுவர்களாயின. பிற்காலத்தில் ஆங்கிலேயர் பிரட்றிக் கோட்டை என்று பெயரிட்ட அந்தக் கோட்டை இன்றும் நிற்கிறது. கடலுள் வீழ்ந்த தூண்களையும் சிற்பங்களையும் 1950களில் மூழ்குவோர் கண்டெடுத்தனர். 1963 ஆம் ஆண்டிலேதான் புதுக்கோவிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. ஒரு மக்கட்கூட்டத்தின் வழிபாட்டிடத்தை இடித்து, அந்தக் கல்லினாலேயே அவர்களை ஆளும் கோட்டையைக் கட்டியவர்கள் சிலுவையையும் தம் கொடியிற் பொறித்திருந்தனர். இந்த உண்மையை மறைத்துக் கிறித்தவத் தியாகத்தைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. இங்கே இழந்தவர் ஒருவர். ஈந்ததாகப் பெருமை பேசியவர் வேறொருவர்.

1639 இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றினர். அவர்களும் கிறித்தவர்களே, ஆனால் புரட்டஸ்தாந்தச் சீர்திருத்த சபையினர். தம் ஆட்சிப் பரப்பிற் கத்தோலிக்க வழிபாட்டை அவர்கள் தடை செய்தனர். குருமார் துரத்தப்பட்டனர், அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பது குற்றமாயிற்று. நேற்று அதிகாரத்தின் தோளில் ஏறி நின்ற சமயம் இன்று மறைந்து வாழும் சமயமாக மாறியது. இந்த மாற்றத்தின்போதுதான் இரண்டாவது வருகை நிகழ்ந்தது.

1687 ஆம் ஆண்டு, கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் என்னும் குருவானவர் பிச்சைக்காரனைப்போல் வேடமணிந்து இலங்கைக் கரையில் இறங்கினார். அவருக்குப் பின்னால் அரசு இல்லை, படை இல்லை. அவரைப் போர்த்துக்கேய மன்னன் அனுப்பவுமில்லை. 1651 இல் கொங்கணி பேசும் குடும்பமொன்றிற் பிறந்த அவர், ஐரோப்பியத் துறவியர் சபைகள் கறுத்த தோலுடைய குருமாரைத் தாழ்வாக நோக்கிய காலத்தில் வாழ்ந்தவர். தன் சமயத்தார் இலங்கையிற் குருவின்றித் தவிக்கின்றனர் என்று கேள்விப்பட்டுத் தானே புறப்பட்டு வந்தார். வந்த புதிதிலேயே கடும் நோயிற் படுத்தார். பின்னர் யாழ்ப்பாணத்துச் சில்லாலையிலும், புத்தளத்திலும், கண்டியிலும் மறைந்தும் வெளிப்பட்டும் பணிபுரிந்தார். தமிழையும் சிங்களத்தையும் கற்றார். போர்த்துக்கேய ஒற்றனென்ற ஐயத்தின்பேரிற் கண்டியிற் சிறையிலும் கிடந்தார். அவரும் அவருக்குப் பின் வந்த தோழர்களும் ஏற்படுத்திய இரகசியத் தொடர்புகள் கிழக்குக் கரைவரை நீண்டன.

1697 ஆம் ஆண்டு கண்டி நகரை வைசூரி தாக்கியது. அரசனும் பிரபுக்களும் தலைநகரை விட்டு அகன்றனர். நோயுற்றவரை உறவினரே காட்டில் விட்டு ஓடினர். வாஸ் அடிகளும் அவருடைய மருமகனாகிய இன்னொரு குருவும் ஓடவில்லை. கைவிடப்பட்டோருக்குக் குடிசை அமைத்தனர், கஞ்சி ஊட்டினர், புண்ணைக் கழுவினர், இறந்தோரைப் புதைத்தனர். நோயாளி பௌத்தனா, கத்தோலிக்கனா என்று அவர்கள் கேட்கவில்லை. ஆட்சி செய்ய உரிமை கோரியவர் ஓடிய இடத்தில், அந்நியன் என்று சிறைவைக்கப்பட்டவர் தங்கினார். பௌத்த மன்னனாகிய இரண்டாம் விமலதர்மசூரியன் அவருடைய பணிக்கு மதிப்பளித்துச் சுதந்திரம் வழங்கியதற்கு இதுவே பெருங்காரணமாயிற்று. 1711 இல் வாஸ் அடிகள் கண்டியிலேயே மறைந்தார். 2015 சனவரியிற் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பிற்கு வந்து அவரைப் புனிதராக அறிவித்தார். அந்தப் பட்டத்தின் மதிப்பை நம்புவோர் நம்பட்டும். நம்பாதோர்க்கும் அந்தக் குடிசையும் கஞ்சியும் வரலாறே.

கோணேசர் கோவிலின் கல்லை எடுத்தவனும், கண்டியில் வைசூரிப் புண்ணைக் கழுவியவரும் ஒரே வேதத்தை ஓதியவர்களே. ஆகவே வேதத்தை மட்டும் படித்து ஒருவனை அளக்க இயலாது. அவன் எந்தப் பக்கத்தில் நின்றான், என்ன விலை கொடுத்தான், அந்த விலையை யார் தலையிற் சுமத்தினான் என்பவற்றைக் கொண்டே அளக்க வேண்டும்.

* * *

மூன்றாவது வருகை நமது காலத்தைச் சேர்ந்தது. 1893 இல் திருகோணமலை தனி மறைமாவட்டமாக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அதன் பொறுப்பு யேசுசபையினரிடம் வந்தது. முதலிற் பிரெஞ்சுக்காரர் வந்தனர். பின்னர் அமெரிக்காவின் தென்மாநிலங்களைச் சேர்ந்த துறவியர் வரலாயினர். அவ்வாறு 1948 ஆம் ஆண்டு வந்தவர்களுள் ஒருவர் யூஜின் ஜோன் ஹெபேர். 1923 ஒக்டோபர் 9 ஆம் நாள் லூசியானா மாநிலத்து ஜென்னிங்ஸ் என்னும் சிற்றூரிற் பிறந்தவர்.

லூசியானா எத்தகைய மண் என்பதை மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது. அது கரும்பும் பருத்தியும் விளைந்த மண். அவற்றை விளைவித்தவர் ஆபிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். 1838 ஆம் ஆண்டு, மேரிலாந்து மாநிலத்து யேசுசபையினர் தம் உடைமையாயிருந்த 272 அடிமைகளை லூசியானாத் தோட்டக்காரர்களுக்கு விற்றனர். அப்பணத்தின் ஒரு பகுதி ஜோர்ஜ்டவுன் கல்லூரியின் கடனைத் தீர்க்கப் பயன்பட்டது. தாயைப் பிள்ளையிடமிருந்தும் கணவனை மனைவியிடமிருந்தும் பிரித்த அந்த விற்பனைக்காக யேசுசபை வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது 2017 ஆம் ஆண்டிலேதான். ஹெபேர் பிறந்து வளர்ந்த காலத்திலும் அம்மாநிலத்திற் கறுப்பினப் பிள்ளைக்கும் வெள்ளையினப் பிள்ளைக்கும் வெவ்வேறு பள்ளிகள். பேருந்தில் வெவ்வேறு இருக்கைகள். ஆகவே இந்த மூன்றாவது வருகையும் மாசற்ற பின்னணியோடு வந்ததன்று. தன் சபையின் பழியையும் தன் மாநிலத்தின் பழியையும் பிறப்பிலேயே சுமந்துகொண்டுதான் அந்த இளைஞர் கப்பலேறினார். அவர் அதன் பின் என்ன செய்தார் என்பதே கேள்வி.

அவர் வந்து சேர்ந்த திருகோணமலை அன்று பிரித்தானியக் கடற்படைத் தளம். 1942 ஏப்ரல் 9 இல் யப்பானிய விமானங்கள் குண்டு வீசிய வடு அப்போது ஆறியிருக்கவில்லை. 1957 இலே தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழும் அத்துறைமுக நகரிற் புனித சூசையப்பர் கல்லூரி இருந்தது. அங்கே ஹெபேர் அடிகள் ஆசிரியராகவும் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநராகவும் நீண்டகாலம் பணியாற்றினார். பின்னர் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் அதையே செய்தார். இரண்டு கல்லூரிகளின் அணிகளும் நாடறிந்த அணிகளாக விளங்கியமையில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

துறவிக்கும் பந்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். கூடைப்பந்தாட்டமே 1891 ஆம் ஆண்டு மசாசுசெற்ஸ் மாநிலத்திற் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் இரண்டு பழக்கூடைகளைத் தொங்கவிட்டுத் தோற்றுவித்த ஆட்டம். அதில் ஐவர் ஓரணி. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதற்கு விதி இடங்கொடாது. தட்டிக்கொண்டு செல்லலாம், அல்லது தோழனுக்குக் கொடுக்கலாம். எத்தனை திறமை படைத்தவனாயினும் தனித்து நின்று வெல்ல அந்த ஆட்டத்தில் வழியில்லை. அதைக் கற்பிப்பவனுக்கோ ஒரு புள்ளியும் கிடையாது. அவன் கோட்டுக்கு வெளியே நிற்பவன். தன் வெற்றி முழுவதையும் பிறருடைய கைகளிற் காண்பதே பயிற்றுநரின் தொழில். ஆசிரியரின் தொழிலும் அதுவே. மகிழ்ச்சியோடு தன்னை ஈதல் என்பதற்கு நூல்களைப் புரட்டி விளக்கம் தேடுவோர் மாலை நேரத்துப் பள்ளி மைதானத்துக்குச் சென்று பார்க்கலாம். மட்டக்களப்பின் விளையாட்டரங்குக்கே மற்றோர் அமெரிக்க யேசுசபைத் துறவியாகிய வெபர் அடிகளின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

1960 ஆம் ஆண்டு அரசு உதவிபெற்ற பாடசாலைகளைப் பொறுப்பேற்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. இடதுசாரிகள் அதனை ஆதரித்தனர். கத்தோலிக்கத் திருச்சபை கடுமையாக எதிர்த்தது. கல்வி எந்த மதத்தின் தனியுடைமையாகவும் இருக்கலாகாது என்ற கொள்கை அன்றும் நியாயமானது, இன்றும் நியாயமானது. மிஷன் பாடசாலை வசதி படைத்தோருக்கும் ஆங்கிலம் கற்றோருக்கும் ஏணியாக இருந்தது என்ற குற்றச்சாட்டிலும் உண்மை உண்டு. எனினும் நிறுவனத்தைப் பற்றிய தீர்ப்பை அதனுள் உழைத்த ஒவ்வொருவர்மீதும் அப்படியே சுமத்துவது சோம்பேறித்தனமான நீதி. ஹெபேர் அடிகளின் பிற்காலப் பணி மட்டக்களப்பின் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தில் அமைந்தது. அதன் இயக்குநராக இருந்து அவர் கைத்தொழில் கற்பித்தார். பல்கலைக்கழகக் கதவு மூடிக்கொண்ட பின் தெருவில் நிற்கும் பையனுக்கு ஒரு தொழிலைக் கற்றுக்கொடுப்பது பதக்கம் தரும் பணியன்று. மேடையும் மாலையும் தரும் பணியன்று. அறுபது வயதைக் கடந்தவர், தாயகம் திரும்பி ஓய்வுபெற எல்லா வாய்ப்பும் உடையவர், அதைச் செய்துகொண்டிருந்தார்.

* * *

1990 யூன் மாதம் போர் மீண்டும் மூண்டது. கிழக்கிலங்கை இரத்தக்களமாயிற்று. தமிழ்க் கிராமங்களிற் கைதுகளும் கொலைகளும் நடந்தன. ஓகஸ்ட் 3 இற் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் தொழுகையில் இருந்த முஸ்லிம்கள் கொன்று குவிக்கப்பட்டனர். ஒரு வாரத்துக்குப் பின் ஏறாவூரில் முஸ்லிம் ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டனர். செப்டம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த தமிழர் நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் இராணுவத்தினராற் கொண்டுசெல்லப்பட்டு மீளாது போயினர். பல தலைமுறையாக ஒரே சந்தையில் மீனும் நெல்லும் மாற்றிக்கொண்ட இரு சமூகங்களுக்கிடையே அந்தச் சில வாரங்களில் வெட்டப்பட்ட குழி இன்னும் முற்றாகத் தூரவில்லை.

இந்தச் சூழலில், ஓகஸ்ட் 15 ஆம் நாள், வாழைச்சேனைக்குச் சென்றிருந்த ஹெபேர் அடிகள் ஒரு தமிழ் இளைஞரோடு இருசக்கர வண்டியில் மட்டக்களப்புக்குத் திரும்பினார். வழியில் ஏறாவூரைக் கடக்க வேண்டும். அவர்கள் மட்டக்களப்பை வந்தடையவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அடிகளுக்கு அப்போது அறுபத்தாறு வயது. இலங்கைக்கு வந்து நாற்பத்திரண்டு ஆண்டு. இதனைச் செய்தவர் யார் என்று எந்த நீதிமன்றமும் தீர்த்துச் சொல்லவில்லை. வதந்திகள் பல எழுந்தன. அவற்றைக் கொண்டு ஒரு முழுச் சமூகத்தின்மீது பழிசுமத்துவோர் அந்த மனிதரின் வாழ்வையே மறுக்கின்றனர். இனத்துக்கு இனம் பழிதீர்ப்பதே அந்த வாரங்களின் சட்டமாயிருந்தது. அச்சட்டத்துக்குக் கட்டுப்படாமற் பாதையில் இறங்கியவரின் பெயரால் மீண்டும் அதே சட்டத்தை ஓதுவது முறையா?

இங்கே நாம் சற்று நின்று நிதானிக்க வேண்டும். உடன்சென்ற அந்த இளைஞரைப் பற்றி எழுதுவோர் ஒரு வாக்கியத்தோடு நின்றுவிடுகின்றனர். துறவி துறவுக்கு வாக்குக் கொடுத்தவர். ஆபத்தை அறிந்து தேர்ந்தவர். அவரை நினைவுகூர உலகெங்கும் ஒரு சபை இருக்கிறது. அந்த இளைஞரோ எந்த வாக்கும் கொடுத்தவரல்லர். மட்டக்களப்பிற் பிறந்த தமிழர் என்பதொன்றே அவரை ஆபத்துக்குள்ளாக்கப் போதுமானதாயிருந்தது. ஹெபேர் அடிகள் மறைவதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன், 1989 நவம்பர் 16 இல், எல் சல்வடோர் நாட்டில் இராணுவத்தினர் ஆறு யேசுசபைத் துறவியரைச் சுட்டுக்கொன்றனர். சாட்சி எஞ்சக்கூடாதென்று அவர்களுடைய வீட்டுப் பணியாளரான எல்பா ராமோஸையும் அவர் மகள் செலினாவையும் கொன்றனர். உலகம் அறுவரைப் பற்றி நூல்கள் எழுதிற்று. ஆனால் அச்சமூட்டும் இரவில் அந்தத் தாயும் மகளும் பாதுகாப்புத் தேடி வந்து தங்கியது துறவியரின் இடத்திலேதான். தேர்ந்துகொண்ட இழப்பைத் தியாகம் என்கிறோம். தேர்வே இல்லாமற் பறிக்கப்பட்ட உயிரை அதே சொல்லால் அழைத்து அழகுபடுத்துவது தவறு, அது கொலை. இந்த வேறுபாட்டை மழுப்பும்போது கொலைகாரனுக்குத் தப்பிக்கும் வழி கிடைக்கிறது.

* * *

ஹெபேர் அடிகள் தனித்து நின்றவரல்லர். மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவை வழிநடத்தி, கைதானோருக்காகவும் காணாமற்போனோருக்காகவும் வாதாடிய சந்திரா பெர்னாண்டோ அடிகள், 1988 யூன் 6 ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். ஹெபேரோடு அதே 1948 இல் வந்த ஹரி மில்லர் அடிகள், புனித மிக்கேல் கல்லூரியிற் பணியாற்றியவர், போர்க்காலம் முழுவதும் பிள்ளையைத் தேடும் பெற்றோர் கூறியவற்றைக் கேட்டுக் குறித்து வைத்தார். முகாம்களின் வாசலில் நின்று கேள்வி கேட்டார். சமாதானக் குழுவில் எல்லாச் சமூகத்தாரோடும் அமர்ந்தார். தொண்ணூறு வயதைக் கடந்தும் மட்டக்களப்பிலேயே வாழ்ந்தார். துப்பாக்கியின் முன் வீழ்வது ஒரு நாளிற் காட்டும் துணிவு. பட்டியல் எழுதுவது பல்லாயிரம் நாட்களிற் காட்டும் துணிவு. இரண்டாவதற்குச் சிலை எழுவதில்லை. ஆனால் நியாயம் கேட்கும் ஒவ்வொரு தாயின் கையிலும் இருக்கும் தாள் அத்தகைய உழைப்பால் உண்டானதே.

இவ்வறம் தமிழரிடையே பணிசெய்தோருக்கு மட்டும் உரியதுமன்று. மைக்கல் றொட்றிகோ என்னும் சிங்களக் குருவானவர் ரோமிலும் பாரிசிலும் உயர்கல்வி கற்றவர். 1980 ஆம் ஆண்டு ஊவா மாகாணத்துப் புத்தளைப் பகுதிக்குச் சென்று, கத்தோலிக்கரே இல்லாத பௌத்த விவசாயிகளின் நடுவே ஒரு குடிசையில் வாழத் தொடங்கினார். யாரையும் மதம் மாற்ற அவர் செல்லவில்லை. நிலத்தை இழக்கும் குடியானவர்களின் பக்கம் நின்று பேசினார். நாட்டின் தெற்கே பயங்கரம் பரவிய 1987 நவம்பர் 10 ஆம் நாள், திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருக்கையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். மட்டக்களப்பிலும் புத்தளையிலும் இறந்தோர் ஒரே கேள்விக்கு ஒரே விடையைத் தந்தனர். எளியவன் ஆபத்தில் இருக்கும்போது நாம் எங்கே இருப்பது என்பதே அக்கேள்வி.

* * *

இனி, மகிழ்ச்சி என்ற சொல்லுக்கு வருவோம். துன்பத்தை விரும்புவதும் மரணத்தைத் தேடுவதும் மகிழ்ச்சியான தியாகம் என்று எண்ணுவோர் உளர். அது நோய். கிறித்தவ மரபின் மூலநூல்களிலேயே இதற்கு வேறு பொருள் கிடைக்கிறது. பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் மனமுவந்து கொடுப்பதன் சிறப்பைப் பேசுகிறார். ஆலயங்களிற் காணிக்கைத் தட்டு நீளும்போதெல்லாம் அந்த இடம் நினைவூட்டப்படுகிறது. ஆனால் அதற்குச் சற்று முன்னால் அவர் எழுதியிருப்பதை நினைவூட்டுவோர் குறைவு. எருசலேமில் வாடிய ஏழைகளுக்காகத் திரட்டப்பட்ட நிதியைப் பற்றியதே அப்பகுதி. கொடியவறுமையில் இருந்த மக்கெதோனியர் மகிழ்ச்சியோடு கொடுத்தனர் என்று அவர் கூறுகிறார். ஒரு சாரார் சுகப்பட மற்றொரு சாரார் வருந்துவது தன் நோக்கமன்று என்றும், இருசாராரிடையேயும் சமநிலை உண்டாவதே நோக்கம் என்றும் விளக்குகிறார். ஏழை ஏழைக்குக் கொடுத்த மகிழ்ச்சி அது. சமத்துவத்தை நோக்கிய மகிழ்ச்சி அது. செல்வன் எறியும் பிச்சைக்கும், ஏழையை அடங்கியிருக்கச் சொல்லும் உபதேசத்துக்கும் அந்தக் கடிதத்தில் இடமில்லை.

இந்தக் கருத்து நம் மரபுக்கும் அந்நியமானதன்று. இவ்வுலகம் நிலைத்திருப்பதற்குக் காரணம் தமக்கென முயலாது பிறர்க்கென முயலும் சிலர் இருப்பதே என்ற கருத்தை, ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட தமிழ்ப் புலவன் ஒருவன் புறநானூற்றிற் பாடி வைத்தான். அவனுடைய பெயர் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. அவன் எங்கே மாய்ந்தான் என்பதைக் கடல் சொல்லவில்லை. அவன் எண்ணிய எண்ணம் நம்மிடம் இருக்கிறது. அவன் கிறித்தவனல்லன், இயேசுவின் பெயரைக் கேட்டவனுமல்லன். பிறர்க்காக வாழ்வதன் மகிழ்ச்சி எந்த மதத்தின் ஏகபோக உரிமையும் ஆகாது என்பதற்கு அவனே சான்று.

திருகோணமலைக் குடாவின் தென்கரையிலேயே இதற்கு மற்றொரு சான்று இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை அக்கரையைத் துடைத்தழித்த பின், மூதூர்ப் பகுதி மக்களுக்குக் குடிநீர் முதலிய அடிப்படை வசதிகளைச் செய்து கொடுக்கப் பட்டினிக்கெதிரான நடவடிக்கை என்ற பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் வந்தது. அதில் வேலைசெய்தோர் உள்ளூர் இளைஞர்கள். 2006 ஓகஸ்ட் 4 ஆம் நாள், மூதூரிற் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், அவர்களுள் பதினேழு பேர் தம் அலுவலக வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். பெண்களும் அவர்களுள் இருந்தனர். அவர்கள் காவி உடுத்தவரல்லர்; அங்கி தரித்தவரல்லர். தண்ணீருக்குக் குழாய் போட்டவர்கள். குற்றவாளி எவரும் இன்றுவரை தண்டிக்கப்படவில்லை.

இவ்வாறு பார்க்கையில், உண்மையான தன்னீகைக்கு மூன்று அடையாளங்களை வரலாறே நமக்குக் காட்டுகிறது. முதலாவது, அது தானே தேர்ந்தது, பிறர்மீது சுமத்தப்பட்டதன்று. இரண்டாவது, அது கைம்மாறு கேளாதது. உதவிக்கு விலையாக மதமாற்றத்தையோ, வாக்குச் சீட்டையோ, நன்றியையோ எதிர்பாராதது. மூன்றாவது, அது சமத்துவத்தை நோக்கியது. பெறுபவனை என்றும் பெறுபவனாகவே வைத்திருக்க விரும்பாதது. 1622 இல் வந்த சிலுவை இம்மூன்றிலும் தோற்றது. 1697 இல் வைசூரிக் குடிசையில் இருந்த சிலுவை வென்றது. பையனுக்குப் பந்தையும் பின்பு கருவியையும் கையிற் கொடுத்த துறவியிடத்தும் அது வென்றது. இந்த உரைகல்லிற் கிறித்தவத்தை மட்டும் உரைத்துப் பார்ப்பதோடு நின்றுவிடலாகாது. மக்களுக்காக என்று கொடிபிடித்து, மக்களின் பிள்ளைகளைப் பலவந்தமாகப் பலிகொடுத்த இயக்கங்களையும் இதே கல்லில் உரைத்துப் பார்க்க வேண்டும். அதற்குத் துணிவில்லாதவர் பிறருடைய மதத்தை விமரிசிக்கும் தகுதியை இழக்கின்றனர்.

தியாகிகளைப் போற்றுவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. ஓர் ஆசிரியன் ஊரைக் கடந்து வீடு திரும்புவதற்கு வீரனாக இருக்க வேண்டிய சமுதாயம் நோயுற்ற சமுதாயம். குழாய் போடுபவன் உயிரைக் கொடுக்கத் தயாராயிருக்க வேண்டிய நாடு நாகரிகமடைந்த நாடன்று. காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016 இல் நிறைவேறியது. 2017 முதல் வடக்கிலும் கிழக்கிலும், திருகோணமலையிலும், தாய்மார் தெருவோரத்திற் படங்களை ஏந்தி அமர்ந்தனர். விடை கேளாமலே அவர்களிற் பலர் இறந்தும் போயினர். அந்தத் தாய்மாரிடம் பொறுமையைப் போதிக்க எவருக்கும் உரிமை இல்லை. அவர்களோடு சேர்ந்து விடை கேட்பதற்கோ எல்லாருக்கும் கடமை உண்டு.

பள்ளியிற் பாடம் சொல்லும் நண்பர்கள் கோட்டையைக் கட்டியவனின் பெயரையும், அதைப் பிடித்தவனின் ஆண்டையும் மாணவருக்குக் கற்பிக்கத்தான் செய்வார்கள். தேர்வுக்கு அவை வேண்டும். அத்தோடு வைசூரிக் காலத்தில் யார் ஓடினர், யார் தங்கினர் என்பதையும் கற்பிக்க வேண்டும். ஏறாவூர் வீதியில் மறைந்த இருவரைப் பற்றியும், மூதூரில் வீழ்ந்த பதினேழு பேரைப் பற்றியும் தமிழ் மாணவனும் முஸ்லிம் மாணவனும் சிங்கள மாணவனும் ஒரே வகுப்பில் அமர்ந்து கேட்க வேண்டும். அந்த வகுப்பு அமையும் நாளில், பிறருக்காக வாழ்வதற்கு மரணத்தை விலையாகக் கொடுக்க வேண்டிய காலம் முடியத் தொடங்கும். அவ்வாழ்வின் மகிழ்ச்சி மட்டும் எஞ்சும்.